விருந்துக்கும் ஒரு பட்டம் முன்பே விதைக்கலாம்

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா, திருமணம் என்று விவசாயக் குடும்பங்களில் ஊரையும் உறவையும் கூட்டிச் சோறு போடும் நாள்கள் பல உண்டு. இந்த விருந்துகளே வேண்டாம் என்று எவரும் சொல்லிவிட முடியாது. நடவுக்கும் அறுப்புக்கும் கைகொடுத்தவர்கள், மாடு கிணற்றில் விழுந்தபோது கயிற்றோடு ஓடி வந்தவர்கள், இரவு முறை வைத்துத் தண்ணீர் கட்டியவர்கள் ஆகியோரை வீட்டுக்கு அழைத்து இலை போடுவது குடும்பத்தின் கடமை. ஆனால் பந்தலைப் பிரித்த மறுநாள் அந்தக் குடும்பத்தின் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதைச் சிறு விவசாயிகள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

விருந்துச் செலவுக்கு வெளியில் வாங்கும் பணம் பெரும்பாலும் மாத வட்டிக் கணக்கில்தான் கிடைக்கிறது. ரூ.50,000 கடனுக்கு மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வட்டி என்றால் மாதம் ரூ.1,500, ஆண்டுக்கு ரூ.18,000 வட்டியாக மட்டும் போய்விடும். அசல் அப்படியே நிற்கும். ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது ஒரு போக மேலுரச் செலவையும் களையெடுப்புக் கூலியையும் விழுங்கிவிடக் கூடிய தொகை.

இதைவிடத் தீங்கானது, பயிருக்கென்று வாங்கிய கடனைப் பந்தியில் செலவிடுவது. தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் பெறும் பயிர்க்கடனை உரிய தேதிக்குள் திருப்பிச் செலுத்துபவருக்கு வட்டி கிடையாது. அந்தப் பணம் மளிகைக் கடைக்குப் போய்விட்டால் உரம் உரிய நேரத்தில் வயலுக்கு வராது, மகசூல் குறையும், தவணை தவறும், வட்டிச் சலுகையும் பறிபோகும். ஒரு நாள் விருந்து ஒரு போகத்தையே சாய்த்துவிடும்.

ஆட்களைக் குறைக்க வேண்டியதில்லை

சிக்கனம் என்றதும் பலரும் அழைப்போரின் எண்ணிக்கையைக் குறைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று விதி இருந்தது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் விதி தளர்ந்ததும் கிராமங்களில் பழையபடி கூட்டம் கூடிவிட்டது. விருந்தின் பயனே கூடி உண்பதில் இருக்கும்போது, ஆட்களை விலக்கிச் செய்யும் சிக்கனம் நிலைக்காது.

செலவை ஏற்றுவது ஆட்கள் அல்லர், பதார்த்தங்களின் வரிசைதான். இதை ஒரு எளிய கணக்கால் காட்டலாம். 300 பேருக்கு விருந்து என்று வைத்துக்கொள்வோம். பெரியவர், சிறுவர் எல்லோரையும் சேர்த்துத் தலைக்கு 130 கிராம் அரிசி என்றால் ஏறக்குறைய 40 கிலோ அரிசி தேவை. 100 கிலோ நெல்லை அரைத்தால் 66, 67 கிலோ அரிசி கிடைக்கும். ஆக 300 பேரின் சோற்றுக்கு வேண்டியது 60 கிலோ நெல், அதாவது ஒரே ஒரு மூட்டை. நெல் விளைவிக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது எட்டாத அளவு அல்ல.

சாம்பாருக்கும் கூட்டுக்கும் தலைக்கு 30 கிராம் வீதம் 9 கிலோ துவரம்பருப்பு, எல்லாக் கறிகளுக்குமாகத் தலைக்கு 150 கிராம் வீதம் 45 கிலோ காய், 25 முதல் 30 தேங்காய், மோருக்கு 20 லிட்டர் பாலில் உறைய வைத்த தயிர், பாயசத்துக்கு 7, 8 கிலோ வெல்லம், எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் இல்லையென்றால் 6, 7 லிட்டர் எண்ணெய். சோறு, சாம்பார், இரசம், மோர், ஒரு கூட்டு, ஒரு பொரியல், ஊறுகாய், அப்பளம், பாயசம் என்று ஒன்பது வகைகளோடு நிறைவான விருந்து இதில் முடிந்துவிடும்.

இப்போது பல வீடுகளில் இந்த ஒன்பது இருபதுக்கு மேல் போய்விட்டது. இரண்டு இனிப்பு, வடை, போண்டா, கலவைச் சாதம், பூரி, குருமா, ஐஸ்கிரீம், பீடா எனப் பட்டியல் நீள்கிறது. கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு வகையும் தன் விலையோடு நிற்பதில்லை. அதற்கு ஒரு அடுப்பு, ஒரு பாத்திர வாடகை, ஒரு கையாள், பரிமாற ஓர் ஆள், கூடுதல் எண்ணெய், கூடுதல் விறகு எல்லாம் சேர்ந்தே வருகின்றன. சாப்பிடுபவர் வயிறோ அதே அளவுதான். புதிதாக ஒன்று வைக்கும்போது முன்பு வைத்ததில் ஒன்று இலையிலேயே தங்கிவிடுகிறது.

வீட்டுக்கு ஓர் ஆள் என்று சுருக்கி அழைத்து இருபது வகை படைப்பதைவிட, குடும்பத்தோடு அழைத்து ஒன்பது வகையைச் சூடாகவும் சுவையாகவும் கேட்டுக் கேட்டுப் போடுவது மேலானது. செலவும் இதில் குறைவு.

விருந்தும் ஒரு பயிரே

முகூர்த்த நாளுக்கு முந்திய வாரம் சந்தைக்கு ஓடுபவர் சந்தை சொல்லும் விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த முகூர்த்தத்துக்கு அவரைப் போல் இன்னும் பலர் அதே காயை வாங்க வந்திருப்பார்கள். காது குத்தும் நாளும் புதுமனை புகும் நாளும் பெரும்பாலும் ஆறு மாதம், ஓராண்டு முன்பே வீட்டில் பேசப்படுபவைதாம். பயிருக்குப் பட்டம் பார்ப்பது போல் விருந்துக்கும் பட்டம் பார்த்தால், இலையில் விழும் பெரும்பகுதி சொந்த நிலத்திலிருந்தே வந்துவிடும்.

நீர் வசதி ஓரளவு உள்ள சிறு விவசாயிக்குத் தை இறுதியும் மாசியும் விருந்துக்கு மிக ஏற்றவை. ஆடியில் வரப்பிலும் மானாவாரியிலும் ஊன்றிய துவரை தையில் அறுவடைக்கு வரும். அதே ஆடியில் வேலியோரம் போட்ட அவரையும் மொச்சையும் மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சும் காலமும் அதுவே. சித்திரை, வைகாசியில் நட்ட சேனை தோண்டுவதற்குத் தயாராக இருக்கும். எருக்குழி ஓரத்தில் ஆடியில் போட்ட வெண்பூசணியும் பரங்கியும் கார்த்திகைக்குப் பிறகு முற்றிப் பறிப்புக்கு வந்துவிடும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காய்களில் காத்திருப்பவை உண்டு, காத்திராதவையும் உண்டு. வெண்டைக்காய் ஒரே நாளில் 15 கிலோ வேண்டுமானால் ஐந்தாறு சென்ட் நிலமாவது வெண்டையாகவே இருக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப் பறித்தால் முற்றிவிடும். ஆனால் ஐந்து கிலோ எடையுள்ள பூசணி மூன்று இருந்தால் அதே 15 கிலோ கிடைத்துவிடும். காம்போடு பறித்த முற்றிய பூசணியையும் பரங்கியையும் காற்றோட்டமான இடத்தில் வைக்கோல் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் வைத்தால் பல வாரங்கள் கெடாது. சேனையும் அப்படியே. எனவே கூட்டுக்கும் சாம்பாருக்கும் காத்திருக்கும் காய்களை முன்கூட்டியே சேர்த்துக்கொண்டு, பொரியலுக்கு மட்டும் அன்று பறிக்கும் காயை வைத்துக்கொள்வதே சரியான திட்டம்.

பொரியலுக்கு அவரை போதாது என்று தோன்றினால், ஐப்பசியில் கத்தரி நாற்றங்கால் விடலாம். அது மழைக்காலமாகையால் மேட்டுப்பாத்தியில் விதைப்பது அவசியம். 30, 35 நாள் நாற்றைக் கார்த்திகையில் நட்டால் தை பிற்பகுதியில் காய் பறிக்கலாம். கொத்தமல்லியை விருந்துக்கு 40 நாள் முன்பும், கீரையை 25 நாள் முன்பும் விதைத்தால் போதும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை இரண்டு மூன்று கிணற்றடியில் நின்றால் சாம்பாருக்கு மணமும் சேரும்.

அரிசியில் ஒரு எச்சரிக்கை தேவை. தையில் அறுத்த புதுநெல்லை உடனே அரைத்து மாசி விருந்துக்கு உலை வைப்பது இழப்பாகும். புது அரிசி குழையும், சோறு உபரியாகாது. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பில் இருந்த பழைய அரிசி அதிக நீரை உறிஞ்சிப் பருத்து, பருக்கை பருக்கையாக நிற்கும். ஆகவே முந்திய போகத்து நெல்லில் ஒரு மூட்டையை நன்கு காயவைத்து, விருந்துக்கென்று தனியே ஒதுக்கி வைப்பது நலம். எண்ணெய்க்கும் இவ்விதமே செய்யலாம். செக்கில் ஆட்டினால் இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்புக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெய் கிடைக்கும். மானாவாரிப் பகுதி விவசாயிகள் பாயசத்துக்குச் சேமியா வாங்காமல் சொந்தத் தினையையோ சாமையையோ பயன்படுத்தலாம். சிறுதானியத்துக்கு இப்போது நகரத்து விருந்துகளிலேயே தனி மதிப்பு வந்துவிட்டது. விளைவிப்பவர் வீட்டு விருந்தில் அது இல்லாதிருப்பது பொருத்தமில்லை.

கிடா வெட்டும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கும் இதே முறை பொருந்தும். 20 கிலோ உயிர் எடையுள்ள கிடாவில் எலும்போடு 9, 10 கிலோ கறி கிடைக்கும். தலைக்கு 100 கிராம் என்றால் 300 பேருக்கு மூன்று கிடாக்கள் போதும். விருந்து நெருங்கும்போது வளர்ந்த கிடாவை விலைக்கு வாங்குவதைவிட, ஓராண்டு முன்பே குட்டிகளாக வாங்கி அகத்தி, சூபாபுல், வேலிமசால் தழைகளைக் கொடுத்து வளர்ப்பது சிக்கனம். கறிக்குழம்பு ஒன்றும் இரசமும் இருந்தாலே அந்த விருந்து நிறைந்துவிடும். பிரியாணி, வறுவல், சுக்கா என்று ஒரே கறியை மூன்றாகப் பிரித்தால் கறியும் கூடும், எண்ணெயும் கூடும்.

வீட்டுச் சமையலும் வீட்டுப் பெண்களும்

இலைக்கு இவ்வளவு என்று பேசி வெளியாரிடம் ஒப்படைக்கும் முறை கிராமங்களுக்கும் வந்துவிட்டது. அலைச்சல் குறைவு என்பது உண்மையே. ஆனால் இம்முறையில் குறைந்தபட்சம் இத்தனை இலை என்று முன்பே உறுதி கேட்பது வழக்கம். 300-க்கு ஒப்புக்கொண்டு 230 பேர் வந்தாலும் 300 இலைக்குப் பணம் கொடுக்க வேண்டும். சொந்த நெல்லுக்கும் காய்க்கும் அதில் இடமும் இல்லை. பொருளைத் தாமே கொடுத்து, சமையல்காரருக்குக் கூலி பேசி, வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டுக் கோட்டையடுப்பு வெட்டிச் சமைப்பதுதான் சிறு விவசாயிக்கு ஏற்ற வழி.

ஆனால் வீட்டில் சமைப்பது மலிவு என்று சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த மலிவில் பெரும்பங்கு, கணக்கில் ஏறாத பெண்களின் உழைப்பு. மூன்று நாள் முன்பே மாவு இடிப்பதும், இரவெல்லாம் காய் நறுக்குவதும், பந்தி முடிந்தபின் பாத்திரம் துலக்குவதும் அவர்கள் தலையில் விழுகின்றன. வகைகளைக் குறைப்பதால் முதலில் இலேசாவது இவர்கள் முதுகுதான். விருந்துக்கு முந்திய இரவு ஆண்களும் அரிவாள்மணையோடு உட்கார வேண்டும். பாத்திரம் துலக்க இருவரைக் கூலிக்கு வைக்கும் செலவு வீண்செலவு ஆகாது.

பல ஊர்களில் முன்பு அண்டா, தவலை, அன்னக்கூடை எல்லாம் ஊர்ப் பொதுவில் இருந்தன. இன்று மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவற்றை வாங்கி வைத்துக் குறைந்த வாடகைக்கு விட்டால் ஊருக்கும் நன்மை, குழுவுக்கும் வருமானம். பித்தளைப் பாத்திரமானால் ஈயம் பூசியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பூச்சு போன பித்தளையில் புளிக்குழம்பையும் மோரையும் வைத்தால் செம்பு கலந்து வாந்தி, வயிற்று வலி உண்டாகும்.

அரிசியாக இருக்கும் வரை சொத்து

எத்தனை பேர் வருவார்கள் என்பதைக் குத்துமதிப்பாகச் சொல்வதில்தான் அதிகப் பொருள் வீணாகிறது. அழைத்த வீடுகளை ஒரு நோட்டில் எழுதி, குடும்பத்தோடு வருபவர், ஒருவர் மட்டும் வருபவர், வருவது ஐயமானவர் என்று மூன்றாகப் பிரித்தால் ஓரளவு சரியான தொகை கிடைத்துவிடும். அதில் நான்கில் மூன்று பங்குக்கு மட்டும் முதலில் சமைக்க வேண்டும். மீதி அரிசியைக் களைந்து, உலை நீரைக் கொதிநிலையில் வைத்திருந்து, இரண்டாம் பந்தி உட்கார்ந்ததும் தலையை எண்ணிப் பார்த்துக் கடைசி உலையைப் போடலாம்.

அரிசி மூட்டையில் இருக்கும் வரை குடும்பத்தின் சொத்து. சோறாகிவிட்டால் அதன் ஆயுள் நான்கு மணி நேரம்தான். கொதிநீருக்கும் சாகாத நுண்ணுயிர் வித்துக்கள் ஆறிய சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தேங்காய் அரைத்த கறிகள் இன்னும் விரைவில் கெடும். காலையில் வடித்ததை மாலைப் பந்திக்கு வைக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். குடிநீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு 4 கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் கழித்துப் பயன்படுத்துவதும் அவசியம்.

பந்தியில் இலையைக் கேளாமல் நிரப்பிக்கொண்டே போவதும் இன்னொரு வீண். ஓர் இலையில் ஒரு கைப்பிடிச் சோறு, 50 கிராம் மீந்தால் 300 இலையில் 15 கிலோ சோறு. அது ஐந்தாறு கிலோ அரிசி. நகரங்களில் பரவிவரும் பஃபே முறையில் தட்டை எடுத்துக்கொண்டு அவரவரே போட்டுக்கொள்வதால் மீதி குறையும் என்கிறார்கள். அங்கும் வகைகள் அதிகமானால் எல்லாவற்றையும் ருசி பார்க்கும் ஆசையில் தட்டு நிறைகிறது. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நின்றுகொண்டு சாப்பிடுவது சிரமம். பந்தியில் உட்கார வைத்து, முதல் சுற்றில் சிறிதாக வைத்து, கேட்டவருக்கு மறுபடி மறுபடி போடுவதே நம் வீடுகளுக்கு ஏற்றது. இலையும் சொந்த வாழையில் அறுத்ததாக இருக்கட்டும். குலை தள்ளிய மரத்தை விட்டுப் பக்கக் கன்றுகளில் அறுத்தால் தாரின் எடை குறையாது. பிளாஸ்டிக் பூசிய தட்டும் குவளையும் 1.1.2019 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மீந்த சோற்றை மாட்டுத் தொட்டியில் கொட்டுவது பெரிய தவறு. பசுவோ ஆடோ ஒரே நேரத்தில் சோற்றை அதிகமாகத் தின்றால் இரைப்பையில் அமிலம் கூடி, வயிறு உப்பி, அசை போடுவது நின்று, சில நேரங்களில் இறந்தும் போகும். பொங்கலுக்கு மறுநாளும் விருந்துக்கு மறுநாளும் கால்நடை மருத்துவர்கள் காணும் நோய் இது. விருந்துச் செலவு போக, கறவை மாட்டையும் இழந்தால் அந்தக் குடும்பம் எப்படி எழும்? மீந்ததை இலைகளோடு எருக்குழியில் போட்டுச் சாணத்தால் மூட வேண்டும். மாடு தின்றுவிட்டது தெரிந்தால் தாமதமின்றி மருத்துவரை அழைக்க வேண்டும்.

மொய்யும் ஊர்ப்பேச்சும்

செலவு மிஞ்சினால் மொய்யில் வந்துவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் சில பகுதிகளில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். தொழில் தொடங்கவும் நிலம் வாங்கவும் அந்தப் பணம் உதவியிருப்பதை மறுக்க முடியாது. ஆனால் மொய் என்பது வருமானம் அல்ல. ஊரார் கொடுக்கும் கைமாற்று. மொய் நோட்டில் எழுதிய ஒவ்வொரு வரியும் நாளை திருப்ப வேண்டிய கடன். அதை நம்பி இருபது வகை சமைப்பது, விளையாத நெல்லுக்கு முன்பணம் வாங்கிச் செலவழிப்பதைப் போன்றது. வந்த மொய் கிணற்றுக்கோ கறவை மாட்டுக்கோ போனால்தான் திருப்பும் காலத்தில் கையில் பலம் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நிற்பது, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம். பக்கத்து வீட்டார் பன்னிரண்டு வகை போட்டால் இவர் பதினைந்து போட வேண்டும். அடுத்தவர் இருபதுக்குப் போக வேண்டும். இந்தப் போட்டியில் வென்றவர் எவரும் இல்லை; எல்லார் வீட்டு நகையும் அடகுக் கடையில்தான் சந்திக்கிறது. தனியொருவர் குறைத்தால் கஞ்சன் என்ற பெயர் வரலாம். ஒரு தெருவில் நான்கைந்து வீடுகள் கூடிப் பேசி, இனி நம் வீட்டு விருந்துகளில் ஒன்பது வகைக்கு மேல் இல்லை என்று முடிவு செய்துகொண்டால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்த ஊர்களுக்கு இந்த ஒப்பந்தம் கடினமானதல்ல.

விரலுக்குத் தக்க வீக்கம் என்று பெரியவர்கள் சொன்னது விருந்துக்கும் பொருந்தும். அடுத்த தையிலோ மாசியிலோ வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்கள் வரும் ஆடியிலேயே நான்கு பூசணி விதையும் ஒரு பிடி துவரையும் ஊன்றிவிட வேண்டும். நெல்லில் ஒரு மூட்டையை ஒதுக்கிவிட வேண்டும். வந்தவர் வயிறும் நிறைய வேண்டும். அடுத்த பட்டத்துக்கான விதையும் உரமும் வீட்டில் இருக்க வேண்டும். அதுவே விவசாயி வீட்டு விருந்துக்குப் பெருமை.